முட்டை நின்ற பிறகு

இளைஞர்களே, ஒரு சின்னக் கேள்வி. வீட்டின் பின்புறம் நீங்கள் வளர்க்கும் கோழிக்கு வயதாகிவிட்டது. முட்டை போடுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. இன்று காலையில் தீனி போட்டபோது மற்றவை ஓடி வந்தன, அது மட்டும் வரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"கோழிதானே, விடுங்க" என்பார் ஒருவர். "செத்துப்போறதுக்குள்ள குழம்பு வச்சிடலாம்" என்பார் இன்னொருவர். "டாக்டர்கிட்ட காட்டுற காசுக்கு நாலு புதுக்கோழி வாங்கிடலாமே" என்று கணக்குப் போடுவார் மூன்றாமவர். இதெல்லாம் நம் வீடுகளில் கேட்கிற பேச்சுதான். பேசுகிறவர்கள் கெட்டவர்களும் அல்ல. அவர்களில் பலர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள்.

இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய காலத்தில், நம்மில் சிலர் கீரை போட்டோம், சிலர் நாலைந்து கோழி வாங்கினோம். 2022இல் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது இன்னும் சிலர் வாங்கினார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் முட்டை வந்தது, பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஆச்சு. ஆனால் கோழி அதோடு முடிந்துவிடுவதில்லை. நல்லபடியாக வளர்த்தால் எட்டு வருடம்கூட இருக்கும், சில அதற்கு மேலும் இருக்கும். முட்டை குறையத் தொடங்குவதோ இரண்டு மூன்று வயதிலேயே. அதாவது அதன் ஆயுளில் பாதிக்கும் மேற்பட்ட காலம் நமக்குப் பெரிய பயன் இல்லாத காலம். அந்தக் காலத்தில் அதற்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? அதுவும் நோய் வந்தால்?

கடன் எங்கே தொடங்குகிறது?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் இன்றும் காட்டுக்கோழி உண்டு. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹுத்தான்' என்பார்கள். வீட்டுக்கோழியின் முன்னோர் அதுதான். காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். குஞ்சு பொரிப்பதற்கு அது போதும். முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இன்றைய இனக்கோழியோ வருடத்துக்கு 250 முதல் 300 முட்டை வரை இடுகிறது. கம்பத்துக் கோழி அவ்வளவு இடாது என்றாலும் காட்டுக்கோழியைவிடப் பல மடங்கு இடும். இந்த மாற்றத்தைக் கோழியா கேட்டது? அதிகமாக முட்டையிடும் கோழியாகப் பார்த்துப் பார்த்து மனிதன் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கியதால் வந்தது.

அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் போதவில்லை என்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சூலகமும் முட்டைக்குழாயும் நாள் தவறாமல் உழைத்து உழைத்துத் தேய்கின்றன. அதனால்தான் வயதான கோழிக்கு வரும் நோய்களில் பல முட்டை சம்பந்தப்பட்டவை. மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் சிந்தி அழற்சி ஏற்படுகிறது. குழாயில் சீழ் கட்டுகிறது. முட்டை வழியில் சிக்கிக்கொள்கிறது. சூலகத்தில் புற்று வருகிறது. பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் கோழியை வைத்து ஆராய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? மனிதரைப் போல அந்தப் புற்று தானாகவே வருகிற மிகச் சில உயிர்களில் கோழியும் ஒன்று என்பதுதான் காரணம்.

ஆகவே "வயசாச்சு, நோய் வந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்வது பாதி உண்மைதான். அந்த நோயில் ஒரு பங்கு நாம் தினமும் சாப்பிட்ட முட்டையின் மறுபக்கம். முட்டையை வாங்கிக்கொண்ட கைதான் நோயையும் பார்க்க வேண்டும். இதைத்தான் நான் கடன் என்கிறேன். இரக்கம் வந்தால் செய்வது, வராவிட்டால் விடுவது என்ற பேச்சு இங்கே இல்லை. கடன் என்றால் மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைக்க வேண்டியது.

நம் சமயத்துக்கு இது புதிதல்ல. இல்லறத்தான் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞம் ஒன்று. தான் உண்பதற்கு முன் மற்ற உயிர்களுக்கும் பங்கு கொடுப்பது அது. நம் பாட்டிமார் அரிசி மாவில் கோலம் போட்டதையும், காக்கைக்குச் சோறு வைத்ததையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எங்கிருந்தோ வரும் எறும்புக்கும் காக்கைக்கும் பங்கு உண்டு என்றால், வேலி போட்டு நாமே அடைத்து வைத்திருக்கும் உயிருக்கு எவ்வளவு உண்டு?

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வளர்ப்பவர் அதை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் பொறுப்பு உடையவர். ஆனால் சட்டம் பார்க்காத கொல்லைப்புறத்தில்தான் தர்மம் சோதிக்கப்படுகிறது.

மறைத்து வைக்கும் உயிர்

சரி, கடன் இருக்கிறது. அதை அடைப்பது எப்படி? நோய் வந்தபிறகு மருந்து தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நோய் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது நினைப்பதுபோல் எளிதல்ல.

கோழி இரையாகும் இனம். பலவீனத்தைக் காட்டினால் பருந்துக்கோ பாம்புக்கோ முதல் பலி அதுதான். கூட்டத்திலேயே மற்ற கோழிகளும் அதைக் கொத்தத் தொடங்கும். அதனால் முடிந்தவரை ஒன்றுமில்லாததுபோல நடந்துகொள்ளும். தீனி போட்டால் வந்து தரையைக் கொத்தும், ஆனால் வாய்க்குள் எதுவும் போகாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சாப்பிடுவதுபோலவே தெரியும். "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு செத்துப்போச்சு" என்று பலர் சொல்வார்கள். பல நேரங்களில் அது திடீரென்று சாகவில்லை. பல வாரமாக நோயோடு இருந்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதற்குக் கற்றுக்கொள்ளலாம். தினமும் இரண்டு நிமிடம் போதும்.

காலையில் கூட்டைத் திறக்கும்போது எது முதலில் வருகிறது, எது கடைசியாக வருகிறது என்று பாருங்கள். வழக்கமாக முதலில் வருவது கடைசியில் வந்தால் அது ஒரு செய்தி. கொண்டையின் நிறத்தைப் பாருங்கள். முட்டை நின்ற கோழிக்குக் கொண்டை சற்றுச் சுருங்கி வெளுப்பது இயல்பு. ஆனால் நாளுக்கு நாள் வெளிறிப்போனால் இரத்தம் குறைகிறது, உள்ளே புழுவோ வெளியே செல்லோ இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். நீலம் பாய்ந்தால் மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ கோளாறு. அது அவசரம்.

எச்சத்தைப் பாருங்கள். முகம் சுளிக்க வேண்டாம், மருத்துவரே முதலில் அதைத்தான் கேட்பார். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருந்தால் சரி. இடையிடையே பசைபோலக் கறுப்பாக ஒன்று வருவதும் இயல்பே. பச்சையாகத் தண்ணீராகப் போனால் பெரும்பாலும் கோழி சரியாகச் சாப்பிடவில்லை என்று பொருள். இரத்தம் கலந்திருந்தால் காத்திருக்கக்கூடாது.

கழுத்துக்குக் கீழே வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பையை அதிகாலையில் தொட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் செரித்து, காலையில் காலியாக இருக்க வேண்டும். கல்லுபோல இருந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்று இருந்து வாயில் புளித்த நாற்றமும் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது.

வாரம் ஒருமுறை கையில் எடுங்கள். நடு நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனைபோல எலும்பு தட்டுப்பட்டால் இறகுக்குள்ளே உடம்பு இளைத்துவிட்டது. இறகு எல்லாவற்றையும் மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வயிற்றைத் தொடுங்கள். வீங்கித் தண்ணீர் நிறைந்த பலூன்போல இருந்தால், நான் முதலில் சொன்ன முட்டை சம்பந்தமான நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட கோழி பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கும், காலை அகட்டி நடக்கும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டிருந்தால் செல் புகுந்திருக்கிறது. பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் உள்ளே சீழ்.

மூச்சையும் கவனியுங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. மத்தியான வெயிலில் வாயைத் திறந்து இரைத்தால் உஷ்ணத்தைப் போக்குகிறது என்று அர்த்தம். நிழலில், காலைக் குளிரில், அப்படி இரைத்தால் நோய்.

நம்முடைய பாட்டிமார் தோட்டத்து லயங்களில் கோழி வளர்த்தவர்கள். "கோழி தூங்கி விழுது" என்று ஒரே பார்வையில் சொல்வார்கள். அவர்களுக்குப் புத்தக அறிவு இல்லை. தினமும் பார்த்துப் பழகிய கண் இருந்தது. நமக்குக் கைப்பேசி இருக்கிறது, கண் இல்லை. கோழிக்கு என்ன நோய் என்று தேடுவதற்கு ஒரு நொடி போதும். அது நேற்று எப்படி இருந்தது என்று எந்தத் தேடலும் சொல்லாது.

இங்கேதான் அகிம்சையைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும். அகிம்சை என்றால் அடிக்காமல், கொல்லாமல் இருப்பது என்று மட்டும் படித்திருக்கிறோம். அந்த அளவில் பார்த்தால், கோழியைக் கவனிக்காமல் விட்டவன் எந்த இம்சையும் செய்யவில்லை. கையைக்கூட ஓங்கவில்லை. ஆனால் கூண்டுக்குள் ஓர் உயிர் மூன்று வாரம் வலியோடு கிடந்திருக்கிறது. வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் கேட்பது இதைத்தான்: பிற உயிரின் நோயைத் தன் நோயாக எண்ணிப் பார்க்காவிட்டால், அறிவு இருந்து என்ன பயன்? அங்கே அவர் கையாளும் சொல் நோய் என்பதே. எண்ணிப் பார்ப்பதற்கு முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா?

கண்டுபிடித்த பிறகு

மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். கோழிக்கு அந்த நான்காவது ஆள் நாம்தான். மற்ற மூன்றும் சரியாக அமைந்தாலும் நான்காவது ஆள் இல்லையென்றால் வைத்தியம் நடக்காது.

முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றுக்குத் தொற்றாமலும், அவை அதைக் கொத்தாமலும் இருக்க இதுவே வழி. ஓர் அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மழைச்சாரலும் நேர்க்காற்றும் படாத நிழலான இடம். நோயுற்ற பறவை உடம்புச் சூட்டை இழந்துவிடும், இரவில் கதகதப்பு வேண்டும். தண்ணீரை எட்டும் தூரத்தில் வையுங்கள். தீனியை நனைத்து மென்மையாக்கிக் கொடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீரை ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அதுவே உயிரைக் குடித்துவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே குடிக்கும்.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். எந்த நோய் என்று தெரியாமல் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், மருந்து பிறகு நமக்கே வேலை செய்யாமல் போகும். மஞ்சளும் வேப்பிலையும் நம் கை வைத்தியம்தான், தோல்மேல் வரும் சின்னப் புண்ணுக்குப் பாட்டி பூசுவார். வயிற்றுக்குள் சீழ் கட்டியதை அது தீர்க்காது. பாட்டி வைத்தியத்தை மதிப்பது என்றால் அதன் எல்லையையும் அறிந்து மதிப்பதுதான்.

மூன்றாவது, காட்ட வேண்டிய நேரத்தில் காட்டுங்கள். நிழலிலும் வாய் திறந்து மூச்சு விடுவது, நிற்க முடியாமல் விழுவது, இரத்தம், வயிறு வீங்குவது, பின்புறம் சதை வெளியே தள்ளுவது, ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாமல் இருப்பது. இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது வேண்டாம். எல்லா விலங்கு மருத்துவமனையிலும் கோழி பார்க்க மாட்டார்கள், முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். மாவட்டங்களில் கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கேயும் கேட்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கோழி நோய்ப்பட்டால் அது நம் வீட்டு விஷயம். ஒரே நேரத்தில் பல கோழி சட்டென்று செத்தால் அது ஊர் விஷயம். 2004இல் கிளந்தானிலும் 2018இல் சபாவிலும் பறவைக் காய்ச்சல் கோழிகளிடையே வந்ததை மறக்கக்கூடாது. அப்படி நடந்தால் மறைக்காமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். செத்ததைச் சாக்கடையில் போடாதீர்கள், யாருக்கும் கறியாகக் கொடுத்துவிடாதீர்கள். தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் நம் அருளுக்குள் அடங்கியவர்தானே.

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. "கோவில்ல கொண்டுபோய் விட்டுடலாம், சாமி பார்த்துக்கும்." நேர்த்திக்கடனாக, முறையாகச் சொல்லி, கோவிலார் ஏற்றுக்கொண்டு விடுவது வேறு. வயதாகி நோய்ப்பட்டதைச் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் கோவில் வாசலில் இறக்கிவிட்டு வருவது வேறு. அது தானம் ஆகாது. நம் கடனைச் சாமி பெயரில் எழுதுவது அது.

"கறி சாப்பிடுறவன் பேசுற பேச்சா இது?"

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். "சனிக்கிழமை சந்தையில கோழி வாங்கிக் குழம்பு வைக்கிறோம். கொல்லையில இருக்கிற கோழிக்கு மட்டும் வைத்தியமா? இது வேஷம் இல்லையா?"

நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது. நம் இளைஞர்களில் சைவம் உண்பவர்களும் இருக்கிறார்கள், அசைவம் உண்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்துக் கோவில்களில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சேவல் கொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரமே வைத்தார், அவர் நிலை தெளிவானது. அந்த விவாதத்தை இந்தக் கட்டுரையில் முடித்துவிட முடியாது.

ஆனால் ஒன்று சொல்லலாம். ஓரிடத்தில் நாம் சரியாக இல்லை என்பது, எல்லா இடத்திலும் தவறாக நடந்துகொள்ள அனுமதி ஆகாது. வட்டிக்கு விடுகிறவன் தன் தாய்க்குச் சோறு போட்டால் அதை வேஷம் என்று சொல்லி நிறுத்தச் சொல்வோமா? மேலும், நாம் வளர்க்கும் கோழிக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதை நாம் அடைத்து வைத்தோம், அதன் முட்டையைத் தின்றோம், நம் குரல் கேட்டால் வரப் பழக்கினோம். நம்பி வந்த உயிருக்கு நாம் பட்ட கடன் தனி.

கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துப் பழகியவனுக்கு ஒரு நாள் சந்தையில் தொங்கும் கோழியைப் பார்க்கும்போது மனதில் ஏதோ உறுத்தலாம். உறுத்தட்டும். அந்த உறுத்தலுக்குப் பயந்து கொல்லைக் கோழியைக் கவனிக்காமல் இருப்பதுதான் உண்மையான வேஷம். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அவரவர் மனசாட்சி முடிவு செய்யட்டும்.

கடைசி முடிவு

மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். மருத்துவர் பார்த்துவிட்டார். வயிற்றில் புற்று, அல்லது ஆறாத அழற்சி. தேங்கிய நீரை எடுத்தால் சில நாள் மூச்சு விட முடியும், திரும்பவும் நிறையும். கோழி நிற்க முடியாமல் கிடக்கிறது. தீனி தொடவில்லை. "ஊசி போட்டு முடித்துவிடலாமா?" என்று மருத்துவர் கேட்கிறார். கொல்லாமையைப் போற்றும் நாம் என்ன சொல்வது?

இதே கேள்வி 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் எழுந்தது. ஒரு கன்றுக்குட்டி நோய்ப்பட்டுப் பெரும் வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, தாமே பக்கத்தில் நின்று, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொல்லலாமா என்று கோபமாகக் கடிதங்கள் வந்தன. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் வார இதழிலேயே எழுதி விளக்கம் சொன்னார். தன் நலத்துக்காகவோ கோபத்தாலோ உயிரை வதைப்பதும் கொல்வதும்தான் இம்சை, துடிக்கும் உயிரின் நன்மைக்காகவே வேறு வழியில்லாமல் செய்தது அப்படியல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு எடுக்க உரிமை ஏது என்பது அவர்கள் கேள்வி. அதையும் லேசாகத் தள்ள முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன். மூன்று கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், அந்த ஊசி அருளாக இருக்க முடியும். விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, வழி இல்லை என்று சொல்லிவிட்டாரா? நாம் முடிக்க நினைப்பது கோழியின் வேதனையையா, அல்லது நம் சிரமத்தையும் செலவையுமா? செய்யப்போகிறவர் வலி இல்லாமல் செய்யத் தெரிந்தவரா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது கேள்விதான் மிகவும் கஷ்டம். ஏனென்றால் நம் சிரமம் எப்போதும் இரக்கத்தின் குரலில்தான் பேசும்.

மனம் ஒப்பவில்லை, இயற்கையாகவே போகட்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதையும் மதிக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வலிக்கு மருத்துவரிடம் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும், சுத்தமாக வைக்க வேண்டும், ஈ மொய்க்காமல் பார்க்க வேண்டும், கடைசி வரை பக்கத்தில் இருக்க வேண்டும். "அதோட கர்மா, அது அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தொலைக்காட்சி பார்ப்பது மூன்றாவது வழி. அதற்கு நம் சமயத்தில் இடமில்லை. அந்த நியாயப்படி தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தால் ஆம்புலன்சைக்கூட அழைக்க முடியாது. கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று சொல்கிற கொள்கை. அடுத்தவர் துன்பத்துக்கு நான் பொறுப்பில்லை என்று தப்பிக்கிற வழி அல்ல.

பட்டுப்போன மரமும் கிளியும்

மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் பீஷ்மர் தருமருக்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு வேடனின் விஷ அம்பு குறி தவறி ஒரு பெரிய மரத்தில் தைத்துவிட்டது. மரம் பட்டுப்போனது. இலை உதிர்ந்தது, பழம் இல்லை. அதில் வாழ்ந்த பறவைகள் எல்லாம் போய்விட்டன. ஒரு கிளி மட்டும் போகவில்லை. இந்திரன் வேறு உருவில் வந்து, "இவ்வளவு பெரிய காட்டில் எத்தனையோ பசுமையான மரம் இருக்க, இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டான். இந்த மரத்தில்தான் பிறந்தேன், இதுதான் என்னைக் காத்தது, நன்றாக இருந்த காலத்தில் இதனிடம் வாழ்ந்துவிட்டு இப்போது எப்படி விட்டுப் போவேன் என்றது கிளி. இந்திரன் மகிழ்ந்து வரம் கேள் என்றான். கிளி தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. மரம் தழைக்க வேண்டும் என்று கேட்டது.

கதையில் மரம் தழைத்தது. நம் கொல்லையில் பெரும்பாலும் அப்படி நடக்காது. வயதான கோழி பிழைத்தாலும் திரும்ப முட்டை இடப்போவதில்லை. ஆனால் கிளி உட்கார்ந்திருந்தபோது மரம் தழைக்கும் என்று தெரிந்து உட்காரவில்லை. அங்கேதான் தர்மம் இருக்கிறது.

பயன் இருக்கும்வரை மதிப்பு என்ற கணக்கு கோழியோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நாம் அறிவோம். சம்பளம் கொண்டுவந்தவரை அப்பா சொல் வீட்டில் எடுபட்டது, ஓய்வு பெற்றபின் அவர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று வலியை மறைக்கிறவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். கோழிக்கும் பெற்றோருக்கும் ஒப்புமை சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். இரண்டு கடனும் ஒன்றல்ல, பெற்றோர் கடன் மிகப் பெரியது. ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதான். வாய் பேசாத உயிரின் வலியைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு, பேசாமல் மறைக்கிற மனிதரின் வலியும் தெரிய வாய்ப்பு அதிகம்.

எனவே வீட்டில் கோழி வளர்க்கும் இளைஞர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். காலையில் கூட்டைத் திறக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு நிமிடமும் கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும். பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணை இன்றைக்கே தேடிக் குறித்து வையுங்கள், தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது. மாதம் ஐந்தோ பத்தோ ரிங்கிட் தனியாக எடுத்து வையுங்கள், செலவு வரும்போது காசு காரணமாக இருக்கக்கூடாது. புதிதாகக் கோழி வாங்க நினைப்பவர்கள் உங்கள் நகராண்மைக் கழக விதியையும் பார்த்துக்கொண்டு, முட்டை வரும் வருடங்களோடு முட்டை நின்ற பிறகு வரும் வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த வருடங்களுக்கும் பொறுப்பேற்க மனம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவே.